முப்பத்திரண்டு பக்கத்துக்குக் குறைந்தவை

பாம்புகளைப் பற்றிய ஏழு புத்தகங்களைப் பள்ளி நூலகத்திலிருந்து நீக்கிய மூன்றாம் நாள், அந்தப் பள்ளியில் படித்த அறுநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் பாம்பு கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அன்று செவ்வாய்க்கிழமை. காலை இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சாரை ஊர்ந்து போவதைத் தோட்டக்காரர் பார்த்தார். அதன் குறுக்கேயும் நெடுக்கேயும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நொண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கத்தினார், கையை நீட்டிக் காட்டினார். பிள்ளைகள் அவர் விரல் காட்டிய இடத்தை அக்கறையாகப் பார்த்துவிட்டு, அங்கே வெறும் புல்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். சாரை தன் வழியே போயிற்று. தோட்டக்காரர் பகலிலேயே ஊற்றிக்கொண்டு வருகிறார் என்று ஆசிரியர் அறையில் பேச்சு அடிபட்டது. நூலகர் மட்டும் அதை நம்பவில்லை. மறுநாள் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று அவளிடம் வந்து, அறிவியல் அறைச் சுவரில் தொங்கும் படத்தில் வெறும் மரக்கிளையை எதற்காக அவ்வளவு பெரிதாக வரைந்திருக்கிறார்கள் என்று கேட்டது. அவள் போய்ப் பார்த்தாள். அந்தக் கிளையில் மூன்று சுற்றாக மலைப்பாம்பு கிடந்தது.

நூலகருக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. புருஷன் பஸ் கண்டக்டர். பிள்ளை இல்லாத வீடு. அவள் அந்தப் பள்ளியில் சேர்ந்த காலத்தில் நூலகம் என்பது யார் வேண்டுமானாலும் எதையும் கொண்டுவந்து கொட்டும் இடமாக இருந்தது. ஓய்வுபெற்ற அதிகாரிகள் வீடு மாறும்போது பழைய சட்டப் புத்தகங்களை மூட்டை கட்டி அனுப்பிவைத்தார்கள். தலைமையாசிரியரின் மைத்துனர் எழுதிய கவிதைத் தொகுப்பு நாற்பது பிரதிகள் இருந்தன. அதை விரும்பிப் படித்தது கரையான் ஒன்றுதான். யாராவது ஒரு பெற்றோர் வாசலில் நின்று சத்தம் போட்டால், சத்தத்தின் அளவுக்கு ஏற்ப இரண்டோ மூன்றோ புத்தகங்கள் அலமாரியை விட்டுப் போகும். இதற்கெல்லாம் ஒரு வரம்பு கட்ட வேண்டும் என்று அவள் ஒரு கோடை விடுமுறை முழுக்கச் சமையலறை மேசையில் உட்கார்ந்து பதினோரு விதிகள் கொண்ட நூல் தெரிவுக் கொள்கையை எழுதினாள். எந்த வயதுக்கு எது, கிழிந்ததை எப்போது கழிப்பது, நன்கொடையை எப்படி வாங்குவது என்று எல்லாம் அதில் இருந்தது. ஒன்பதாம் விதிதான் அவளுக்குப் பெருமை. ஒரு புத்தகத்தின் மேல் ஆட்சேபணை உள்ளவர்கள் படிவத்தில் எழுதித் தர வேண்டும். ஐந்து பேர் கொண்ட குழு அந்தப் புத்தகத்தை முழுமையாகப் படித்த பிறகே முடிவெடுக்கும். சத்தம் போடுகிறவர்களின் வாயை அடைக்க அவள் எழுதிய விதி அது. சத்தம் போடச் சோம்பியவர்களுக்கும் அது கதவைத் திறந்துவிட்டது என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

முதல் படிவத்தைக் கொடுத்தவர் பெற்றோர் சங்கத் தலைவராக இருந்த மரக்கடைக்காரர். அவரைக் கெட்ட மனிதர் என்று யாரும் நாக்கு மேல் பல்லுப் போட்டுச் சொல்லிவிட முடியாது. இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு எட்டு. இரண்டு பேர் மேலும் உயிரையே வைத்திருந்தார். சின்னவள் பாம்புப் புத்தகம் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனாள். மூன்று நாள் தொடர்ந்து தூக்கத்தில் அலறிப் படுக்கையை நனைத்தாள். அவர் படிவத்தை நிரப்பி, அந்த ஒன்றோடு நிற்காமல் பாம்பு உள்ள எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று யோசனையும் எழுதியிருந்தார். தலைமையாசிரியர், மரக்கடைக்காரர், மொழியாசிரியர், ஓவிய ஆசிரியர், நூலகர் என்று ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். முழுமையாகப் படிக்க வேண்டிய குழு தலைப்புகளைப் படித்தது. ஓவிய ஆசிரியர் மட்டும் பக்கங்களைப் புரட்டிப் படங்கள் சுமார்தான் என்றார். நூலகர் ஒரு மணி நேரம் வாதாடினாள். பிறகு டீ வந்தது. எல்லாரும் அவள் கையெழுத்துக்காகத்தான் காத்திருந்தார்கள். ஏழு புத்தகம்தானே, அலமாரி என்ன குடைசாய்ந்தா போகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போட்டுவிட்டாள். "நீக்கப்பட்டது" என்ற ஊதா முத்திரையை ஏழு முறை குத்தினாள். மாலையில் காகித ஆலை வண்டி வந்து அள்ளிப் போயிற்று.

கண் மருத்துவர் வந்து பிள்ளைகளைச் சோதித்தார். எல்லாரும் கடைசி வரிசை எழுத்துவரை தடங்கலில்லாமல் படித்தார்கள். நூலகர் தலைமையாசிரியரிடம் போய்த் தனக்குப் பட்டதைச் சொன்னபோது அவர் அவளை நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று புல்லை வெட்டச் சொன்னார். புல் வெட்டப்பட்டது. வெட்டிய புல்லைத் தொட்டிக்குப் பின்னால் கிடந்த செங்கல் குவியல் மேல் போட்டுவைத்தார்கள். நான்கு மாதம் கழித்து, இறகுப்பந்து ஒன்று அந்தக் குவியலுக்குள் விழுந்தது. மரக்கடைக்காரரின் பெரியவள் குனிந்து செங்கல் சந்தில் கையை விட்டாள். படம் எடுத்து நின்றதைத் தோட்டக்காரர் மைதானத்தின் மறுகோடியிலிருந்து பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டே ஓடி வந்தார். இருபத்து மூன்று பிள்ளைகள் சுற்றி நின்றிருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஏதோ குத்திவிட்டது என்று சொல்லிப் பெரியவள் விரலைச் சப்பினாள். ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் உயிர் இருந்தது.

அதன் பிறகு பள்ளியில் பாடம் நடக்கவில்லை. ஒரு வகுப்பு அழ ஆரம்பித்தால் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வகுப்பு தொடரும். பத்தாம் நாள் மரக்கடைக்காரர் குழுவைக் கூட்டச் சொன்னார். அடக்கத்தன்று போட்டிருந்த சட்டையைத்தான் அன்றும் போட்டிருந்தார். படிவத்தை நிரப்பியிருந்தார், கையெழுத்து கோணலாக, கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தது.

"சின்னவ நாள் பூரா அழறா," என்றார். "சரி, படிக்கட்டும், மனசு மாறட்டும்னு புத்தகத்தைக் கையில கொடுத்தா அதுலயும் யாராவது செத்துப்போறாங்க. பிள்ளைங்களுக்கு எதுக்கு டீச்சர் இதெல்லாம்?"

யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. என்ன நடக்கும் என்று அந்த அறையில் ஊகித்தவள் நூலகர் ஒருத்திதான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதல் படிவத்திலிருந்து தொடங்க வேண்டும். முதல் படிவத்தை எழுதிய கை அவள் எதிரே மேசை மேல் இருந்தது. உங்கள் எழுத்துதான் உங்கள் மகளைக் கொண்டுபோயிற்று, அதன் கீழே என் முத்திரையும் இருக்கிறது என்று ஒரு தகப்பனிடம் எந்த வாயால் சொல்வது? கையெழுத்துப் போட்டாள். மரணம் வரும் புத்தகங்கள் நாற்பத்து மூன்று தேறின. அரசர்கள் போனார்கள், மருத்துவம் கண்டுபிடித்தவர்கள் போனார்கள், வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சக்கரம் போயிற்று. டைனோசர் புத்தகமும் போயிற்று. அதில் எல்லாருமே செத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மரக்கடைக்காரர் வீட்டில் சின்னவள் தாயின் மடியில் படுத்து அழுதுகொண்டிருந்தாள். பாதி விம்மலில் அழுகை நின்றது. எழுந்து உட்கார்ந்தாள், முகத்தைத் துடைத்தாள், எதற்காக முகம் ஈரமாக இருக்கிறது என்று யோசிப்பவள் போலக் கையைப் பார்த்தாள். பிறகு, அக்கா எப்போது வருவாள் என்று கேட்டாள். தாய் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு உள்ளே போனாள். தகப்பன் மட்டும் மகளின் தலையைத் தடவி, வருவாள் என்றார். அந்த ஒரு சொல்லைச் சொன்னபோது பதின்மூன்று நாளில் முதல் முறையாக அவருக்கு நெஞ்சில் காற்று இறங்கியது.

முதல் வருடம் ஊர் இதை வரமாகவே எடுத்துக்கொண்டது. இழவு வீடுகளில் பிள்ளைகளைச் சமாளிக்கும் வேலை இல்லாமல் போயிற்று. உடலைக் கிடத்தியிருந்த கட்டில் அவர்களுக்கு வெறும் கட்டிலாகத் தெரிந்தது. சிலர் அதில் ஏறி உட்காரப் போனார்கள், பெரியவர்கள் பிடித்து இழுத்தார்கள். தாத்தா எங்கே, சித்தி எங்கே என்று கேட்டார்கள். ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று சொன்னால் போதும், விளையாடப் போய்விடுவார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள்கூட அந்தப் பள்ளியில் இடம் கிடைக்குமா என்று விசாரித்தார்கள். ஊருக்குப் போனவர்கள் திரும்பி வர வேண்டும், வருகிறவர்களை எதிர்கொண்டு அழைக்கப் பிள்ளைகள் கிளம்புவார்கள் என்பதைப் பெரியவர்கள் யாரும் யோசித்திருக்கவில்லை.

முதலில் நான்கு பேர்தான் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். பள்ளி விட்டதும் பையோடு நேரே வந்து, ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குகிறவர்களை முகம் முகமாகப் பார்த்துவிட்டு, கடைசி உள்ளூர் பஸ் போனதும் வீட்டுக்குப் போவார்கள். இரண்டாம் வருடம் முடியும்போது எண்பத்தாறு பேர் ஆகிவிட்டார்கள். வெயிலில் நிற்கிறார்களே என்று நகராட்சி தகரக் கூரை ஒன்று போட்டுக் கொடுத்தது. நூலகரின் புருஷனுக்கு அந்த வழித்தடம்தான். பஸ்ஸை விட்டு இறங்கினால் பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு தாத்தாவைப் பார்த்தீர்களா, பச்சைப் பை வைத்திருக்கும் அம்மாவைப் பார்த்தீர்களா என்று விசாரிப்பார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்வான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் அவள் தட்டு வைத்தபோது தலையை நிமிர்த்தாமல் சொன்னான்.

"நீ எழுதின கொள்கை அங்க பஸ் ஸ்டாண்டுல நிக்குதும்மா. ஒரு தடவை வந்து பாரு."

அவள் போகவில்லை. போகாமலே அவளுக்குத் தெரியும், ஏனென்றால் சின்னவள் தினமும் நூலகத்துக்கு வந்தாள். தன் அட்டையில் ஒன்று, அக்காவின் அட்டையில் ஒன்று என்று இரண்டு புத்தகங்கள் எடுப்பாள். அக்கா வந்ததும் படிப்பாள், வந்து கேட்டால் இல்லையென்று ஆகிவிடக் கூடாது என்பாள். நூலகர் செத்துப்போன பெண்ணின் அட்டையில் தேதி குத்திக் கொடுப்பாள். சின்னவள் எதையும் பாதிதான் செய்தாள். தட்டில் பாதியை அக்காவுக்கு ஒதுக்கினாள், பாயில் பாதியில் படுத்தாள், இனிப்பு கிடைத்தால் கடித்த பாதியைத் தாளில் சுற்றிப் பையில் வைத்தாள். எலும்பும் தோலுமாக ஆனாள். அதோடு, இரண்டு வருடமாக அவள் ஒரு விரல்கடைகூட வளரவில்லை. எட்டு வயதில் தைத்த சீருடையே பத்து வயதிலும் அவளுக்குச் சரியாக இருந்தது. வளர்ந்துவிட்டால் அக்காவுக்கு அடையாளம் தெரியாதே என்று ஒரு முறை சொன்னாள். விளையாட்டாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்து நூலகர் அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் விளையாட்டு இல்லை.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில், காத்திருந்து சலித்தவர்கள் தேடிப் போகத் தொடங்கினார்கள். வராதவர்கள் வழி தெரியாமல் எங்கோ நிற்கிறார்கள் என்பது பிள்ளைகளின் கணக்கு. ஒரே மாதத்தில் பதினொரு பேர் கிளம்பினார்கள். ஒன்பது பேரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள். மற்ற இருவர், ஆறாம் வகுப்பில் அடுத்தடுத்து உட்காருகிறவர்கள், கிடைக்கவே இல்லை. கண்டுபிடிக்கப்பட்ட ஒன்பது பேரில் சின்னவளும் ஒருத்தி. பஸ்ஸின் கடைசி இருக்கையில், மடியில் இரண்டு புத்தகத்தோடு, கடைசி நிறுத்தத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்தவளை நூலகரின் புருஷன்தான் கையைப் பிடித்து அழைத்துவந்தான். மறுநாள் நூலகர் தன் கொள்கையின் நான்காம் விதிப்படி, நீக்கப்பட்ட நாற்பத்து மூன்றில் அச்சில் இருக்கும் ஒன்பதைத் திரும்ப வாங்க வேண்டும் என்று மூன்று பக்க விண்ணப்பம் எழுதிக் குழுவின் முன் வைத்தாள்.

இந்த முறை எல்லாவற்றையும் சொன்னாள். முதல் படிவம், ஏழு புத்தகம், தன் முத்திரை, எதையும் மறைக்கவில்லை. தலைமையாசிரியர் ஜன்னலைப் பார்த்தார். அவருக்கும் எப்போதோ தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. மரக்கடைக்காரர் கடைசிவரை கேட்டார். கோபப்படவில்லை.

"என் கையெழுத்துதான்னு எனக்கு முன்னாடியே தெரியும் டீச்சர்," என்றார். "தெரிஞ்சுதான் தினம் எந்திரிக்கிறேன். ஆனா என் வீட்ல ஒருத்திக்காவது அவ இன்னும் சாகல. அக்காவுக்கு இது பிடிக்கும், அக்கா அப்படிச் சொல்லுவான்னு வாய் ஓயாமப் பேசறா. அதைக் கேட்டுத்தான் நான் இருக்கேன். அதையும் நீங்க எடுத்துக்கிட்டா எனக்கு என்ன மிச்சம்?"

நான்கு பேர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். விண்ணப்பம் கோப்புக்குப் போயிற்று.

அடுத்த வாரம் மதிய இடைவேளையில் மரக்கடைக்காரரின் மனைவி நூலகத்துக்கு வந்தாள். பள்ளி வளாகத்துக்குள் அவள் கால் வைத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்க்காமல் இருப்பதற்காகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள், செருப்பெல்லாம் சேறு. குழுவில் நடந்ததைப் புருஷன் சொல்லியிருக்கிறார். சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, நிறைய நேரம் அலமாரிகளைப் பார்த்தாள்.

"பெத்த பொண்ணு செத்துட்டான்னு சொல்லி அழ அந்த வீட்ல எனக்கு ஆள் இல்ல டீச்சர்," என்றாள். "ஒருத்திக்கு அவ உயிரோட இருக்கா. இன்னொருத்தருக்கு அதைப் பார்த்துட்டே இருந்தாப் போதும். நான் ரெண்டு தட்டு வெச்சு ஒரு தட்டைக் கழுவறேன். இருக்கிற ஒண்ணையும் பாதி பாதியா இழந்துட்டிருக்கேன். புத்தகம் வாங்க முடியாதுன்னா நீங்க எழுதுங்க. நான் சொல்றேன்."

எழுதலாம். கொள்கையில் அதற்கு இடம் இருந்தது. பல் துலக்குவது எப்படி, சாலையைக் கடப்பது எப்படி என்று அரசுத் துறைகள் அனுப்பிவைக்கும் துண்டுப் புத்தகங்களுக்கெல்லாம் குழுவைக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால், முப்பத்திரண்டு பக்கத்துக்குக் குறைந்த சிற்றேடுகளை நூலகரே தம் பொறுப்பில் சேர்க்கலாம், ஆனால் ஒரு பிரதிக்கு மேல் கூடாது என்று ஏழாம் விதியில் எழுதியிருந்தாள். இத்தனை வருடத்தில் அந்த விதியை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. தாய் ஆறு மதிய இடைவேளைகள் வந்து சொன்னாள். நூலகர் கோடு போட்ட நோட்டில் எழுதினாள். பெரியவள் எப்போதும் இடது செருப்பைத்தான் முதலில் மாட்டுவாள், சிரிப்பு வந்தால் கையால் மூக்கை மூடுவாள், தங்கையின் பென்சிலைத் திருடிக் கூராக்கித் திரும்ப வைத்துவிடுவாள் என்று இருபத்தைந்து பக்கம். இருபத்தாறாம் பக்கத்தில் இறகுப்பந்து. இருபத்தேழில் பாம்பு. சொல்ல முடியாமல் தாய் நிறுத்திய இடங்களில் நூலகரும் பேனாவை நிறுத்திக் காத்திருந்தாள். முப்பதாம் பக்கத்தில் முடிந்தது. பழுப்புத் தாளில் அட்டை போட்டு, இருப்புப் பதிவேட்டில் 4118 என்று எண் கொடுத்தாள். பொருள் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, வாழ்க்கை வரலாறு என்று எழுதினாள்.

வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளை. சின்னவள் வழக்கம்போல இரண்டு அட்டைகளை நீட்டினாள். நூலகர் அக்காவின் அட்டையை வாங்கி மேசைக்குள் வைத்துவிட்டு 4118ஐக் கொடுத்தாள். சின்னவள் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். பென்சில் இடத்தில் சிரித்தாள். இருபத்தேழாம் பக்கத்தில் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் இரண்டு வருடத்துக்குப் பிறகு அங்கே ஒரு பாம்பு இருந்தது. கடைசிப் பக்கத்தைப் படித்தாள். திரும்பப் போய் அதையே மறுபடி படித்தாள். பிறகு பையைத் திறந்து, தாளில் சுற்றியிருந்த பாதிப் பன்னை எடுத்து மேசை மேல் வைத்தாள். பையில் அதுபோல இன்னும் நிறைய இருந்தன, சில கல்லாகிவிட்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தாள்.

"அப்போ இதெல்லாம் நான் யாருக்கு வெச்சேன் மிஸ்?" என்று கேட்டாள்.

சின்னவள் வாசலை நோக்கி நடந்தாள், வாசலிலேயே கால் துவண்டு விழுந்தாள். அவள் எழுப்பிய சத்தத்தை மூன்று கட்டடங்கள் தள்ளித் தோட்டக்காரர் கேட்டார். நூலகர்தான் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டாள். தூக்கும்போது கனமே தெரியவில்லை. தாய் வாசலில் நின்று பிள்ளையை வாங்கிக்கொண்டாள், இரண்டு பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்கள். தாய் அழுததில் ஒருவகை ஆறுதல் இருந்தது. மகள் அழுததில் அது இல்லை. இரண்டு வருட அழுகை மொத்தமாக வந்தது. ஒன்பது நாள் ஓயவில்லை.

பத்தாம் நாள் தலைமையாசிரியர் மரக்கடைக்காரரை அழைத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். கையில் ஆட்சேபணைப் படிவம், நிரப்பப்பட்டு, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு. ஒரு கையெழுத்து விழுந்தால் 4118 காகித ஆலைக்குப் போகும். மரக்கடைக்காரர் நான்கு வயது கூடியவர்போல இருந்தார். தன்னை அடிக்கப்போகிறார் என்றே நூலகர் நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் முடிவு செய்திருந்தாள். அவர் புத்தகத்தைக் கேட்டார். விதிப்படி முழுமையாகப் படிக்க வேண்டும் அல்லவா என்றார். அந்தக் குழுவில் ஒரு புத்தகத்தை முழுமையாகப் படித்த முதல் உறுப்பினர் அவர்தான். முப்பது பக்கம் படிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தலைமையாசிரியர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முடித்துவிட்டு மரக்கடைக்காரர் புத்தகத்தை மூடாமல், பாம்பு கொத்திய வரியின் மேல் விரலை வைத்தபடி நூலகர் பக்கம் திருப்பினார்.

"பதினோரு மணின்னு போட்டிருக்கு. பதினொண்ணு இல்ல டீச்சர். பத்தரை."

அவள் பேனாவை எடுத்துத் திருத்தினாள். அவர் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

வேறு எந்தப் பெற்றோரும் அந்தப் புத்தகத்தின் மேல் படிவம் கொடுக்கவில்லை. ஆனால் குழுவின் மனப்போக்குக்கு மாறாக நடந்தார் என்று நூலகரை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். நூலகப் பொறுப்பு ஓவிய ஆசிரியருக்குப் போயிற்று. அவள் இப்போது வருகைப் பதிவேடு எழுதுகிறாள், ஆறாம் வகுப்புப் பதிவேட்டில் இரண்டு பெயர்களுக்கு நேரே தினமும் "வரவில்லை" என்று போடுகிறாள். அந்த இருவரின் தாய்மார்கள் மாதம் ஒரு முறை வந்து அந்தக் கட்டங்களைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பெயர்களை அடித்துவிடலாமா என்று தலைமையாசிரியர் கேட்டபோது முடியாது என்றாள். அந்த ஒரு விஷயத்தில் அவளை யாரும் வற்புறுத்தவில்லை.

நீக்குவது எல்லாருக்கும் ஒரே நாளில் நடந்தது. சேர்ப்பது, புத்தகத்தைக் கையில் வாங்கிப் படித்த பிள்ளைக்கு மட்டும், ஒவ்வொருவராகத்தான் நடந்தது. தங்கள் பிள்ளையும் தேடிக் கிளம்பிவிடுமோ என்று பயந்த பெற்றோர்கள் நகல் எடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், பதிவேட்டில் எண் இல்லாத தாள் பலிக்கவில்லை. ஒரு பிரதிக்கு மேல் கூடாது என்ற விதியை மாற்ற ஐந்து பேரும் கூட வேண்டும். மொழியாசிரியர் ஓய்வுபெற்று மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை என்று முறை வைத்தார்கள். வீட்டில் இழவு விழுந்தவர்களுக்கு முதலில். அறிவிப்புப் பலகையில் ஒவ்வொரு திங்களன்றும் அந்த வாரத்து ஐந்து பெயர்கள் ஒட்டப்படும். பெயர் வந்த பிள்ளையின் பெற்றோர் அன்று வேலைக்கு விடுப்பு சொல்லிவிடுகிறார்கள், அடுத்த வீட்டுக்காரர்கள் சமைத்துக் கொடுத்தனுப்புகிறார்கள். பலகையில் யார் பெயர் வந்திருக்கிறது என்று காய்கறி வாங்கும்போது பேசிக்கொள்கிறார்கள், மழை வருமா என்று பேசிக்கொள்வது போல. பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நாளுக்கு ஒன்றாகக் குறைகிறது.

நூலகர் உட்காரும் அலுவலக ஜன்னலுக்கு நேர் எதிரே நூலகத்தின் வாசல். மூன்றாம் பாடவேளை மணி அடித்ததும் மரக்கடைக்காரர் வந்துவிடுகிறார், கடையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு. அந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை, அவரும் யாரிடமும் கேட்கவில்லை. முதல் சில நாள் தலைமையாசிரியர் என்ன ஏது என்று விசாரித்தார், பிறகு விட்டுவிட்டார். ஜன்னல் வழியே நூலகரைப் பார்த்தால் தலையை அசைப்பார், அவளும் அசைப்பாள், பேச்சு கிடையாது. உள்ளே பிள்ளை படித்துக்கொண்டிருக்கும். சில நாள் சிரிப்புச் சத்தம் வரும், பிறகு அமைதியாகும், அமைதி நீளும். கதவு திறக்கும். வெளியே வருகிற பிள்ளைக்கு முதல் மூன்று அடி ஒழுங்காக இருக்கும், நான்காவது அடியில் கால் துவளும். அவருக்கு அது பழகிவிட்டது. நான்காவது அடி விழும் இடத்தில், கைகளை விரித்தபடி நின்றுகொள்கிறார்.